இயற்கை உரத்தோடு ஹைட்ரோபோனிக்ஸ்: குழாயா, சரளைப் படுகையா?

ரசாயன உப்பு உரங்களைத் தவிர்த்து, மண்புழு உரச் சாறு, மீன் கழிவிலிருந்து தயாரிக்கும் திரவ உரம் போன்றவற்றை மட்டுமே கொடுத்து மண்ணில்லாமல் பயிர் வளர்க்க விரும்புவோர் முன் பெரும்பாலும் இரண்டு அமைப்புகள் வந்து நிற்கின்றன. ஒன்று, சரிவாக வைத்த குழாய்களின் அடியில் கரைசல் மெல்லிய படலமாக ஓடிக்கொண்டே இருக்கும் என்.எஃப்.டி. முறை. மற்றொன்று, சரளையோ சுட்ட களிமண் உருண்டையோ நிரப்பிய தொட்டியில் கரைசல் ஏறி நிரம்புவதும் முழுவதும் வடிவதுமாக மாறி மாறி இயங்கும் படுகை முறை. இரண்டையும் இதே உரங்களோடு நடத்திப் பார்த்துவிட்டுப் படுகையில் நிலைத்தவன் நான்; ஆகவே இந்த அலசலில் தராசு அந்தப் பக்கம் சாய்ந்திருப்பதை வாசகர்கள் கவனத்தில் கொள்ளலாம்.

கண்ணுக்குத் தெரிந்த வேறுபாடுகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இடச் சிக்கனத்தில் குழாய்க்கு இணையில்லை. அடுக்கடுக்காக மேலே ஏற்றலாம், அறுவடையும் எளிது. எடையிலும் அதற்கே வெற்றி. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 30 செ.மீ. ஆழத்துக்குச் சரளை நிரப்பினால் தண்ணீர் சேர்வதற்கு முன்பே 400 கிலோவைத் தாண்டிவிடும் என்பதால், மாடியில் படுகை அமைக்க நினைப்பவர் தளத்தின் தாங்குதிறனை உறுதிசெய்துகொள்ள வேண்டும், அல்லது எடை குறைந்த களிமண் உருண்டைக்குப் போக வேண்டும். மின்சாரம் நின்றால் நிலைமை தலைகீழ். குழாயிலுள்ள செடி வெயில் நேரத்தில் சில மணி நேரத்திலேயே வாடத் தொடங்கும். ஈரம் தங்கிய சரளைக்குள் வேர் விட்ட செடி அன்றைய பொழுதைச் சமாளித்துவிடும்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. அதிலும் குறிப்பாக, நுண்ணுயிரிகளுக்கு எங்கே இடம் கொடுக்கிறோம் என்ற கேள்வி. உப்பு உரத்தில் தழைச்சத்தின், அதாவது நைட்ரஜனின், பெரும்பகுதி நைட்ரேட்டாகவே கரைந்திருப்பதால் செடி உடனே எடுத்துக்கொள்கிறது. இயற்கை உரத்திலோ அது புரதங்களிலும் அமினோ அமிலங்களிலும் கட்டுண்டு கிடக்கிறது. ஒருவகை நுண்ணுயிரிகள் அதை அம்மோனியாவாகச் சிதைக்க, நைட்ரோசோமோனாஸ் போன்றவை நைட்ரைட்டாகவும், நைட்ரோஸ்பைரா போன்றவை நைட்ரேட்டாகவும் மாற்றிய பிறகே பயிருக்கு முழுப் பயன் கிடைக்கிறது. கடைசி இரண்டு படிகளைச் செய்யும் கூட்டம் தண்ணீரில் மிதப்பதைவிட ஏதாவதொரு பரப்பில் ஒட்டிக்கொண்டே நன்றாக வாழ்கிறது, மெதுவாகப் பெருகுகிறது, ஆக்சிஜனை ஏராளமாகக் கேட்கிறது.

எவ்வளவு ஏராளம் என்பதற்கு ஒரு கணக்கு. அம்மோனியம் வடிவிலுள்ள ஒரு கிராம் நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற ஏறத்தாழ 4.5 கிராம் ஆக்சிஜன் தேவை. 30 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்து நிற்கக்கூடிய ஆக்சிஜன் சுமார் 7.5 மில்லிகிராம், கரைசல் நிற்கும் 50 லிட்டர் டேங்க் முழுவதையும் சேர்த்தால்கூட 0.4 கிராமை எட்டாது. அந்த ஒரு கிராம் நைட்ரஜனுக்காக டேங்க்கின் மொத்த ஆக்சிஜனும் 12 முறை தீர்ந்து நிரம்பியாக வேண்டும். வேர்களின் சுவாசமும், உரத்திலுள்ள பிற கரிமப் பொருள்களைத் தின்னும் நுண்ணுயிரிகளின் பங்கும் இதற்கு மேல். படுகையில் கரைசல் வடியும் ஒவ்வொரு முறையும் கல்லிடுக்கெல்லாம் புதுக்காற்று இழுக்கப்பட்டு, ஈரக் கல்லின்மேல் ஒட்டியிருக்கும் கூட்டத்துக்கு நேரடியாகக் கிடைக்கிறது. செடி நிற்கும் தொட்டியே உரத்தைச் செரிக்கும் வயிறாகவும் ஆகிவிடுகிறது.

குழாயில் அந்தக் கூட்டத்துக்கு வாய்க்கும் பரப்பு உட்சுவரும் வேரும் மட்டுமே. உரம் ஊற்றத் தொடங்கிச் சில நாள்களில், குழாய்க்குக் கரைசலைக் கொண்டுவரும் மெல்லிய டியூபை உருவி இரு விரல்களுக்கிடையில் நசுக்கினால் பழுப்பு நிறக் கொழகொழப்பு பிதுங்கி வரும். அது அடைத்துக்கொண்டால் அந்த வரிசை முழுவதும் காயும். வெள்ளையாக இருக்க வேண்டிய வேரும் இதே படிவால் பழுப்பேறி நிற்பதால், வேரழுகலா வெறும் படிவா என்று அறிய வேர் நுனியை மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அழுகலாக இருந்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வந்து நடுநரம்பு மட்டும் மிஞ்சும். இதையெல்லாம் போக்கக் குழாயைத் தேய்த்துக் கழுவினால், வாரக்கணக்கில் வளர்ந்த நுண்ணுயிரிகளும் சேர்ந்தே போய், அம்மோனியா மறுபடி தேங்குகிறது. கழுவாமலும் இருக்க முடியாது, கழுவவும் முடியாது. படுகையில் நான் கழுவுவது பம்பின் வலையை மட்டுமே.

சில தொல்லைகள் இரண்டுக்கும் பொது. கரைசலின் மின்கடத்துத்திறனை வைத்து உரச்செறிவைக் காட்டும் ஈ.சி. மீட்டர் அயனிகளை மட்டுமே உணர்வதால், இன்னும் சிதையாத உரம் அதன் கணக்கில் வராது. எண் குறைவாக இருக்கிறதே என்று மேலும் ஊற்றுவது ஆபத்து. மீன் தொட்டிக்காரர்கள் பயன்படுத்தும் சோதனைக் குப்பிகளே இங்கு நம்பகமானவை. அம்மோனியா குப்பியில் பச்சை மங்கி மஞ்சளுக்குத் திரும்பி, நைட்ரேட் குப்பியில் மஞ்சள் ஆரஞ்சாகிச் சிவப்பை நெருங்கும்போது நாற்றை நடலாம். ஜப்பானில் ஷினோஹாரா குழுவினர் 2011-ல் வெளியிட்ட ஆய்வும் இந்தக் காத்திருப்பையே அடிப்படையாகக் கொண்டது: நுண்ணுயிரிகளுக்காக மண்ணையோ மக்கிய உரத்தையோ தண்ணீரில் சிறிது கலந்து, இயற்கை உரத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, நைட்ரேட் உருவான பிறகே பயிரை வைப்பது. பி.எச். எனும் அமில-காரத் தன்மை விஷயத்தில் சமரசம் தவிர வழியில்லை. பயிர் 5.5 முதல் 6.5 வரை விரும்ப, நைட்ரேட் ஆக்கும் நுண்ணுயிரிகள் 7-க்கு மேல்தான் சுறுசுறுப்பாக இயங்குகின்றன, நான் 6.5-ஐ ஒட்டியே வைத்துக்கொள்கிறேன்.

படுகைக்கும் குறைகள் உண்டு. சுண்ணாம்புச் சரளை பி.எச்.-ஐ இறங்கவே விடாது. வினிகர் விட்டால் நுரைக்கும் கல்லை ஒதுக்கிவிட வேண்டும். அடியில் சேறு சேர்வதை மண்புழுக்களை விட்டுக் கட்டுப்படுத்தி வருகிறேன் என்றாலும், பல ஆண்டுகள் கழித்துப் படுகையைக் கிளற வேண்டி வருமா என்பதற்கு என் அனுபவம் போதாது. அதேபோல் நான் சொல்வதெல்லாம் இலைக்காய்கறிகளை வைத்துத்தான். பொட்டாசியமும் கால்சியமும் அதிகம் கேட்கும் தக்காளி, மிளகாயில் இந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். விற்பனைக்கு ‘ஆர்கானிக்’ முத்திரை வேண்டுவோருக்கு எந்த அமைப்பு என்பதைவிட எந்த நாடு என்பதே முக்கியம்: ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/848 விதிமுறை ஹைட்ரோபோனிக்ஸ் விளைச்சலுக்கு அதை மறுக்கிறது, அமெரிக்கா அனுமதிக்கிறது.

குழாய் அமைப்பை ஏற்கெனவே வாங்கிவிட்டவர் அதைக் கழித்துக்கட்ட வேண்டியதில்லை. களிமண் உருண்டை நிரப்பிய டிரம் ஒன்றின் மேலிருந்து கரைசலைச் சொட்டவிட்டு, அடியில் வடிவதை மட்டும் குழாய்க்கு அனுப்பினால், நைட்ரேட் ஆகும் வேலை பெரும்பாலும் டிரம்முக்குள்ளேயே முடிந்துவிடும். டியூபையும் சற்று அகலமானதாக மாற்றிக்கொண்டால் அடைப்பு குறையும். ஆனால் டிரம், கூடுதல் பம்ப், அவற்றுக்கான இடம் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தால், குழாய் மிச்சப்படுத்திய இடத்தில் கணிசமான பகுதி அதற்கே செலவாகிவிடும்.