சுங்கை சிப்புட்டில் கணவரிடமும் கேள்வி கேட்கும் ஒரு கிளினிக்

“தம்பி, உங்களுக்கு என்ன வேலை?”

கல்யாணமாகி ஆறு வருடத்தில் ஒரு மருத்துவர் என் கணவரைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி இதுதான். அதுவரை போன இடங்களில் எல்லாம் கேள்வி எனக்குத்தான், ஊசி எனக்குத்தான், மாத்திரை எனக்குத்தான். அவர் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இந்தக் கிளினிக்கைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்கு அந்த ஒரு கேள்வியே காரணம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் கடைத்தெருவில், பூசைப் பொருள் விற்கும் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. பெயரை எழுதவில்லை, விளம்பரம் வேண்டாம் என்று மருத்துவர் கேட்டுக்கொண்டார். உள்ளூர்க்காரர்களுக்கு இந்த அடையாளம் போதும். பொது மருத்துவம் எல்லா நாளும் உண்டு. குழந்தைப்பேறு ஆலோசனை செவ்வாயும் சனியும் மட்டும். முதல் முறைக்கு 80 வெள்ளி, அடுத்தடுத்த முறைக்கு 50. மருத்துவர் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி; அரசாங்க மருத்துவமனையில் நெடுங்காலம் இருந்தவர்.

நான் தோட்ட அலுவலகத்தில் கிராணி, அதாவது எழுத்தர். என் கணவர் செம்பனை ஆலையில் பன்னிரண்டு வருடமாகக் கொதிகலன் பக்கம் வேலை செய்தவர். அவர் அதைச் சொன்னதும் மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், கொதிகலனிலிருந்து எவ்வளவு தூரம், காற்றோட்டம் உண்டா, எந்த மாதிரி உடுப்பு, வீட்டுக்கு வந்ததும் சுடுதண்ணீரிலா குளிக்கிறீர்கள் என்று பத்து நிமிடம் கேட்டார். பிறகுதான் காரணத்தைச் சொன்னார். விந்தணு உருவாவதற்கு உடம்பின் சூட்டைவிட இரண்டு முதல் நான்கு பாகை குறைந்த சூடு வேண்டும். விதைப்பை உடம்புக்கு வெளியே தொங்குவதே அதற்காகத்தான். ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாள் ஆகும். ஆகவே இன்று எடுக்கும் பரிசோதனை இன்றைய நிலையைக் காட்டாது, இரண்டரை மாதத்துக்கு முன் அவர் எப்படி இருந்தார் என்பதைக் காட்டும்.

எங்கள் ஆலையில் கொதிகலன் பக்கம் நின்ற எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். இதை யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. அவர்களுடைய மனைவிமார் கோயில் கோயிலாக அலைந்ததை மட்டும் பார்த்திருக்கிறேன். என் அம்மா பால்மரம் சீவியவர். குழந்தை தங்காத பெண்களை லயத்தில் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன். அந்தச் சொல்லை இங்கே எழுத மனம் வரவில்லை.

பரிசோதனைக்கு முன் இரண்டு நாள் முதல் ஏழு நாள் வரை உறவு கூடாது என்றார். சிக்கல் அதற்குப் பிறகுதான். விந்துப் பரிசோதனை செய்யும் கூடம் இந்தக் கிளினிக்கில் இல்லை, ஈப்போவுக்குப் போக வேண்டும். மாதிரி எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் நுண்ணோக்கியின் கீழ் போய்விட வேண்டும். அரை மணிக்குள் போனால் இன்னும் நல்லது. வழியில் குளிர்ந்துவிடவும் கூடாது. ஈப்போ எங்களுக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். நான் கார் ஓட்டினேன். அவர் அந்தச் சிறிய பிளாஸ்டிக் டப்பாவைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைக்குள் அக்குளில் இடுக்கிக்கொண்டார். குளிர்சாதனத்தை அணைத்துவிட்டோம். பழைய சாலையில் முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. முந்த வழியில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார், நெற்றியெல்லாம் வியர்வை. ஆறு வருடத்தில் இந்தப் பாரத்தை அவர் சுமந்து நான் பார்த்தது அன்றுதான். கூடத்தில் கொடுத்தபோது 48 நிமிடம் ஆகியிருந்தது.

முடிவு: ஒரு மில்லிலிட்டருக்கு 9 மில்லியன் விந்தணு, முன்னோக்கி நீந்துபவை 18 விழுக்காடு. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட ஆறாம் பதிப்புக் கையேட்டில் கீழ்வரம்பு 16 மில்லியன், 30 விழுக்காடு. தாளைப் பார்த்ததும் அவர் முகம் இறுகிவிட்டது. அந்த இடத்தில் மருத்துவர் செய்ததை நான் மறக்க மாட்டேன். அந்த எண் எப்படி வந்தது என்று விளக்கினார். ஒரு வருடத்துக்குள் மனைவி கருத்தரித்து அப்பாவான ஆண்களை வரிசையாக நிறுத்தினால், கடைசி ஐந்து விழுக்காட்டினர் எங்கே தொடங்குகிறார்களோ அதுதான் அந்தக் கோடு. ஆகவே கோட்டுக்குக் கீழே இருப்பவர்களிலும் அப்பாக்கள் உண்டு. “இது சுவர் இல்லை தம்பி, மேடு” என்றார். ஒரே பரிசோதனையை வைத்து முடிவு செய்யவும் மாட்டேன், மூன்று மாதம் கழித்து மறுபடி எடுங்கள், அதற்குள் வேலையிடத்தை மாற்ற முடியுமா என்று நிர்வாகத்திடம் கேளுங்கள் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். சூடுதான் காரணம் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. காரணமாக இருக்கலாம், தவிர்க்கக்கூடியதைத் தவிர்ப்போம் என்றார்.

இரண்டாவது சந்திப்பில் நான் ஒரு கேள்வி கேட்டேன். பள்ளி முடிக்கும் எஸ்.டி.பி.எம். தேர்வுக்கு உயிரியல் படித்த ஆசை இன்னும் விட்டுப்போகவில்லை. விந்தணு முட்டையைத் தொட்டதும் உண்மையில் என்ன நடக்கிறது? அவர் மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்தார். அந்தத் தாள் இப்போதும் என் அலமாரியில் இருக்கிறது.

விந்தணுவின் தலையில் ஒரு புரதம். 2005இல் ஜப்பானின் ஒசாகாவில் கண்டுபிடித்தவர்கள் அதற்கு இசுமோ என்று பெயர் வைத்தார்கள். திருமண வரம் வேண்டி மக்கள் போகும் ஒரு கோயிலின் பெயர் அது. அது எதைப் பிடித்துக்கொள்கிறது என்று ஒன்பது வருடம் யாருக்கும் தெரியவில்லை. 2014இல் இங்கிலாந்தின் சாங்கர் ஆய்வுக்கழகத்தில் கேவின் ரைட்டின் குழு முட்டையின் மேல் அதன் இணையைக் கண்டுபிடித்து ஜூனோ என்று பெயரிட்டது. ரோமானியர்களின் திருமணத் தெய்வம் ஜூனோ. கைலாகு கொடுப்பதுபோல் இரண்டும் பிடித்துக்கொள்கின்றன. ஒரு விந்தணு உள்ளே போனதும் அரைமணி, முக்கால்மணி நேரத்துக்குள் முட்டை தன் மேலிருக்கும் ஜூனோவை எல்லாம் உதிர்த்துவிடுகிறது. அடுத்து வருபவன் பிடிக்கக் கை இருக்காது. அந்த இடத்தில் அவர் முட்டையைச் சுற்றிச் சின்னச் சின்னக் கோடுகள் போட்டு, ஒவ்வொன்றாக அழிப்பானால் அழித்துக் காட்டினார். என் கணவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

2024இல் வியன்னாவில் ஆண்ட்ரியா பாலியின் குழு இன்னொன்றைச் சொன்னது. புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்பாஃபோல்டு என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கொண்டு தேடியபோது, இசுமோ தனியாக நிற்கவில்லை, ஸ்பாக்கா6, டிமெம்81 என்ற வேறு இரண்டோடு சேர்ந்து மூவராக நிற்கிறது என்று தெரிந்தது. வரிக்குதிரை மீனிலும் எலியிலும் டிமெம்81ஐ எடுத்துவிட்டால் ஆணுக்கு வாரிசு இல்லை. மீனுக்கும் நமக்கும் இவ்வளவு பழைய உறவு என்பது எனக்குச் சிலிர்ப்பாக இருந்தது.

பிறகு விந்தணுவின் வாலை வரைந்தார். அதில் கால்சியம் நுழையும் ஒரு வாசல் உண்டு, பெயர் கேட்ஸ்பர், கண்டுபிடித்தது 2001இல். முட்டைக்கு அருகில் இருக்கும் புரோஜெஸ்டெரோன் என்னும் ஹார்மோன் அந்த வாசலைத் திறக்கும். வால் சாட்டையைப்போல் வீசி அடிக்கும். முட்டையின் உறையைத் துளைக்க அந்த வேகம் வேண்டும். எண்ணிக்கையும் நீச்சலும் சரியாக இருந்தும் இந்த வாசல் பழுதான ஆண்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியின் மூன்ஸ்டர் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, இவர்களுக்கு இயற்கையாகவும் கருத்தரிக்காது, விந்தைக் கருப்பைக்குள் செலுத்தினாலும் பலிக்காது, கண்ணாடித் தட்டில் முட்டையோடு சேர்த்து வைத்தாலும் பலிக்காது. ஒற்றை விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தினால்தான் உண்டு. “காரணம் தெரியவில்லை” என்று எழுதிக் கோப்பை மூடிய எத்தனை வீடுகளில் இப்படி ஒரு வாசல் பூட்டிக் கிடந்ததோ! அந்த வீடுகளில் பேச்சு வாங்கியவள் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி என் பக்கம். இதற்கு முன் ஒரு பெரிய ஊரில், பெயர் வேண்டாம், ஒரு நிலையத்துக்குப் போயிருந்தோம். என் இரத்தத்தில் ஏ.எம்.எச். குறைவு, முட்டை தீர்ந்துகொண்டிருக்கிறது, உடனே பணம் கட்டுங்கள் என்றார்கள். எனக்கு 34 வயது. இரவெல்லாம் தூங்கவில்லை. அந்த அறிக்கையையும் இந்த மருத்துவரிடம் கொண்டுபோய் நீட்டினேன். ஏ.எம்.எச். என்பது சிறு முட்டைப்பைகள் சுரக்கும் ஹார்மோன். ஊசி போட்டு முட்டை எடுக்கும்போது எத்தனை கிடைக்கும் என்று கணிக்க உதவும். இந்த மாத முட்டை நல்லதா என்று அதைக் கேட்டால் அதற்குப் பதில் தெரியாது என்றார். 2017இல் அமெரிக்காவில் 30 முதல் 44 வயது வரையிலான 750 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், ஏ.எம்.எச். குறைந்தவர்களும் இயற்கையாக முயன்றபோது மற்றவர்களைப் போலவே கருத்தரித்தார்கள். ஆனால் அவர்கள் குழந்தையின்மைக்காக மருத்துவரைத் தேடி வந்த பெண்கள் அல்லர் என்பதையும் அவரே சொன்னார். பாதி உண்மையைச் சொல்லி என்னைத் தேற்றாமல் விட்டதால்தான் அவர் சொன்ன மற்றதையும் நம்புகிறேன்.

வயதைப் பற்றி மட்டும் அவர் சமாதானம் சொல்லவில்லை. நம் முட்டைகள் எல்லாம் நாம் அம்மா வயிற்றில் இருக்கும்போதே உருவானவை. அப்போதே குரோமோசோம்களை இணைத்துக் கோஹீசின் என்ற புரத வளையம் கட்டப்படுகிறது. அதைப் புதுப்பிக்க வழியில்லை. முப்பது, நாற்பது வருடம் அதே கட்டுத்தான். எனக்கு உடனே பால்மரத்தில் பால் வடியும் மங்குக் கிண்ணத்தைத் தாங்கும் கம்பி நினைவுக்கு வந்தது. அம்மாவோடு போகும்போது பார்த்திருக்கிறேன். வருடக்கணக்கில் மழையிலும் வெயிலிலும் நின்ற கம்பி இற்று, மங்கு சாய்ந்து, பால் தரையில் கொட்டிக் கிடக்கும். வயது ஏறஏற முட்டையில் குரோமோசோம் கணக்குத் தப்புவதும் கருச்சிதைவு கூடுவதும் பெரும்பாலும் இந்தக் கட்டுத் தளர்வதால்தான். இந்தக் கம்பிக் கதையைச் சொன்னபோது மருத்துவர், இனி மற்றவர்களுக்கும் அப்படியே சொல்கிறேன் என்றார்.

அந்தப் பெரிய ஊர் நிலையம் கொடுத்த விலைப்பட்டியலையும் மேசையில் விரித்தார். கருப்பை உள்தோலைக் கீறிவிடும் சிகிச்சை இருந்தது. 2019இல் 1,364 பெண்களிடம் நடந்த ஆய்வில் கீறினவர்களுக்கும் கீறாதவர்களுக்கும் குழந்தை பிறந்த விகிதம் ஒன்றே, 26.1 விழுக்காடு. பென்சிலால் ஒரு கோடு. ஆண்களுக்கான துத்தநாகம், ஃபோலிக் அமிலப் பொட்டலம், ஆறு மாதத்துக்கு. 2020இல் வெளியான ஆய்வு, 2,370 தம்பதியர்; மருந்து சாப்பிட்டவர்களில் 34 விழுக்காடு, மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 35 விழுக்காடு குழந்தை பெற்றார்கள். இன்னொரு கோடு. ஃபோலிக் அமிலத்தை மட்டும் எனக்கு எழுதிக் கொடுத்தார். அது பிள்ளையின் முதுகுத்தண்டு சரியாக அமைவதற்கு. கீழே மருந்துக் கடையில் சில வெள்ளிதான்.

குறைகளும் உண்டு. காத்திருப்பு நீளம், சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் போய்ப் பசியாறாமல் பதினொன்றரை வரை உட்கார்ந்திருந்தோம். படிக்கட்டு செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். படிவங்களில் தமிழ் கிடையாது. என் பக்கத்தில் இருந்த அக்காவுக்கு நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது, முன்மேசைப் பெண் காத்திருக்கும் இடத்தில் எல்லார் காதிலும் விழ, “எத்தனை வருடமாகக் குழந்தை இல்லை?” என்று கேட்டது. பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். மருத்துவரிடம் சொன்னேன். அடுத்த முறை போனபோது அந்தக் கேள்வி தாளில் இருந்தது. அந்தப் பெண்ணே எழுந்து வந்து, “மன்னித்துவிடுங்கள் அக்கா” என்றாள்.

மூன்றாவது சந்திப்புக்கு என் மாமியாரும் வந்தார். நான் அழைக்கவில்லை, மகன் அழைத்து வந்தார். வேப்பிலைக் கொழுந்தும் மலைவேம்புச் சாறும் ஆறு வருடம் எனக்கு அரைத்துக் கொடுத்தவர். பாசத்தால்தான் கொடுத்தார், ஆனால் எனக்கு மட்டுமே கொடுத்தார். மருத்துவர் அவரிடமும் பென்சில் படத்தைக் காட்டினார். எல்லாம் கேட்டுவிட்டு, “அப்படியானால் இவளிடம் ஒன்றும் இல்லையா டாக்டர்?” என்றார். “இதுவரை பார்த்ததில் இல்லை, அம்மா.” அத்தை வேறு எதுவும் பேசவில்லை. இறங்கும்போது கைப்பிடி இருந்த பக்கத்தை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

நிர்வாகம் கடிதத்தை ஏற்று என் கணவரை லாரி எடைமேடைக்கு மாற்றியது. மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் 14 மில்லியன், 27 விழுக்காடு. இந்த எண்கள் தானாகவும் ஏறி இறங்கும், கொண்டாட வேண்டாம், ஆனால் திசை நல்லது என்றார் மருத்துவர். அடுத்தது விந்தைக் கருப்பைக்குள் செலுத்தும் முறை. அதை ஈப்போவில்தான் செய்ய வேண்டும், கடிதம் தயாராக இருக்கிறது. ஊழியர் சேமநிதியிலிருந்து குழந்தைப்பேறு சிகிச்சைக்குப் பணம் எடுக்கலாம் என்பதையும் இங்கேதான் தெரிந்துகொண்டோம்; விண்ணப்பத்துக்கு வேண்டிய மருத்துவ அறிக்கைக்கு அவர் காசு வாங்கவில்லை.

போகிறவர்கள் செவ்வாய்க்கிழமை போங்கள், கூட்டம் குறைவு. இருவரும் சேர்ந்து போங்கள்; தனியாகப் போகும் பெண்ணிடம் அவர் முதலில் கேட்பது, “வீட்டுக்காரர் எப்போது வருவார்?” என்றுதான்.