கார்பைடு டையுடன் ஆறு ஆண்டுகள்

சுட்டதும் வெளியே வந்து விழும் 9 மி.மீ. தோட்டா உறை, வெடிப்பின் அழுத்தத்தில் துப்பாக்கியின் அறைச் சுவர்வரை விரிந்திருக்கும். பித்தளை கொஞ்சம் சுருங்கினாலும் பழைய அளவுக்கு முழுதாகத் திரும்பாது. அதை மறுபடி தோட்டாவாக்க, இறுக்கி அளவுக்குக் கொண்டுவரும் அச்சுதான் சைசிங் டை. டெக்சாஸில், வீட்டுப் பட்டறையில், ஆறு ஆண்டுகளாக ஒரே கார்பைடு டையைப் பயன்படுத்துகிறேன். இருபதாயிரம் உறைகளாவது அதற்குள் போய்வந்திருக்கும்.

உள்ளே டங்ஸ்டன் கார்பைடு வளையம் இருப்பதால் மசகு தேவையில்லை என்று டையோடு வந்த தாள் சொன்னது. .38 ஸ்பெஷல் போன்ற நேரான உறைக்கு அது சரிதான். 9 மி.மீ. உறையோ அடியில் 9.93, வாயில் 9.65 மி.மீ. எனக் கூம்பியது. அடிப்பகுதி வளையத்துக்குள் நுழையும்போது, உறையை டைக்குள் தள்ளும் பிரஸ்ஸின் நெம்புகோல் முரண்டு பிடிக்கும். முந்நூறு உறை முடிவதற்குள் தோள் வலித்துவிடும். இப்போது ஒரு பங்கு லானோலினைப் பத்துப் பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, லேசாகத் தெளித்து, குலுக்கி, காயவிடுகிறேன். நெம்புகோல் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. தோட்டா தயாரானதும் அந்தப் பூச்சைத் துடைத்துவிட வேண்டும்.

என்னைப் படுத்தியது வேறொன்று. கார்பைடு கடினமானது, ஆனால் நொறுங்கும். உறையைத் தாங்கும் ஷெல் ஹோல்டர் வேகமாக வந்து முட்டினால் வளையம் விரிசல் விடும். அந்தப் பயத்தில் டையை ஒரு நாணயத்தின் தடிமன் அளவு உயர்த்தியே வைத்திருந்தேன். முதல் ஆண்டு என் துப்பாக்கியின் உறைகள் மட்டுமே, குறையே தெரியவில்லை. பிறகு பயிற்சித் திடலில் பொறுக்கிய உறைகளைச் சேர்த்தேன். சில தோட்டாக்கள் அறைக்குள் முழுதாக இறங்காமல் பாதியில் நின்றன.

சிக்கிய ஒன்றை விளக்கடியில் திருப்பிப் பார்த்தேன். விளிம்புக்குச் சற்று மேலே, வளையம் நின்ற இடத்தில் பளபளப்பு முடிந்திருந்தது. அதற்குக் கீழே மங்கலான ஒரு பட்டை. நகத்தால் வருடினால் புடைப்பு தட்டுப்பட்டது. டையை இறக்கி, ஒரு காகிதம் நுழையும் இடைவெளி மட்டும் விட்டேன். சிக்கல் அன்றோடு தீர்ந்தது. இந்த இடைவெளியின் அளவைத் தயாரிப்பாளர் அந்தத் தாளில் அச்சிட்டிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

உறை குண்டைப் பிடிக்கும் இறுக்கம் போதுமா என்று அறிய, குண்டைப் பொருத்திய மாதிரித் தோட்டா ஒன்றின் மூக்கை மேசை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி, நீளத்தை மீண்டும் அளக்கிறேன். குண்டு உள்ளே நகர்ந்தால் சுடும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். இந்தச் சோதனையில் சமரசமே கூடாது. வாய் கிழிந்த உறையைக் காதே சொல்லிவிடும்: ஒரு கைப்பிடி உறைகளைக் குலுக்கினால் அது மட்டும் உடைந்த மணிபோல ஒலிக்கும். உறையின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் கசடில் ஈயம் இருப்பதால், வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவாமல் எதையும் தொடுவதில்லை.

வளையத்தில் இன்றுவரை ஒரு கீறல்கூட இல்லை. பழைய பிரைமரைத் தள்ளும் ஊசியை மட்டும் இரண்டு முறை மாற்றினேன். இரண்டு முறையும் காரணம், நடுவில் ஒரே துளைக்குப் பதில் இரு சிறு துளைகள் கொண்ட பெர்டான் வகை உறை. இப்போது ஒவ்வோர் உறைக்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்த்த பிறகுதான் பிரஸ்ஸில் வைக்கிறேன்.