ஜாங்கோ, போஸ்ட்கிரெஸ், நடுவில் பிஜிபவுன்சர்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் ஒவ்வொரு இணைப்புக்கும் சர்வரில் தனியாக ஒரு பிராசஸ் (தனித்து ஓடும் நிரல்) உருவாகிறது. இணைப்பைத் திறக்க ஆகும் நேரத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். திறந்த இணைப்பைச் சும்மா பிடித்து வைத்திருப்பதற்கும் விலை உண்டு என்பது, ஒரே அப்ளிகேஷனைச் சில வருடங்கள் ஓட்டினால்தான் உறைக்கும். எங்களுடையது பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோ, அதை ஓட்டும் குனிகார்ன் சர்வர், பின்னணி வேலைகளுக்கு செலரி. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே போஸ்ட்கிரெஸ்.

ஒன்றும் மாற்றாமல் விட்டால், ஒவ்வொரு ரிக்வெஸ்ட் முடிந்ததும் ஜாங்கோ இணைப்பை மூடிவிடும். 2013-இல் வந்த 1.6 பதிப்பிலிருந்து கான்_மேக்ஸ்_ஏஜ் என்ற செட்டிங் இருக்கிறது. அதில் 60 போட்டால், இணைப்பு அறுபது வினாடிக்கு மறுபயன்பாட்டில் இருக்கும். டேட்டாபேஸ் வேறு மெஷினில் இருந்து, டிஎல்எஸ் (மறையாக்கம்) வழியாகப் பேசுகிறீர்கள் என்றால் வித்தியாசம் அன்றே தெரியும். ஆனால் அந்த அறுபது வினாடியை யாரும் கடிகாரம் வைத்துப் பார்ப்பதில்லை. ரிக்வெஸ்ட் தொடங்கும்போதும் முடியும்போதும்தான் ஜாங்கோ வயதைச் சோதிக்கிறது. இரவில் ஆள் வராவிட்டால், காலாவதியான இணைப்பு விடியும்வரை திறந்தே கிடக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். குனிகார்னின் ஒவ்வொரு வொர்க்கரும் ஒரு பிராசஸ், அதற்குள் ஒரே நேரத்தில் வேலை பார்ப்பவை திரெட்கள். ஒரு திரெட்டுக்கு ஒரு இணைப்பு. இரண்டு மெஷின், ஒவ்வொன்றிலும் 5 வொர்க்கர், வொர்க்கருக்கு 4 திரெட் என்றால் 40. செலரி 10 பிராசஸ் சேர்த்தால் 50. போஸ்ட்கிரெஸ் அனுமதிப்பது வழக்கமாக 100. அதில் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கியது. பாதிதானே என்று தோன்றும். டிப்ளாய் நடக்கும்போது பழைய வொர்க்கர்களும் புதியவையும் சேர்ந்து ஓடும் சில நிமிடங்களை நினைத்துப் பாருங்கள். அதற்காக வரம்பை 500 ஆக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிராசஸ் கூடுமே தவிர, சிபியு கோர்கள் கூடாது.

அதனால்தான் பிஜிபவுன்சர், அதாவது நடுவில் நின்று இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் பூலர். ஸ்கைப் நிறுவனத்தில் பிறந்த இந்தச் சின்ன நிரல் 6432 போர்ட்டில் உட்கார்ந்து, நூற்றுக்கணக்கான கிளையண்ட்களை இருபது நிஜ இணைப்புகளுக்குள் அடக்கிவிடுகிறது. டிரான்சாக்‌ஷன் மோடில் வைத்தால்தான் முழுப் பலன் (டிரான்சாக்‌ஷன் என்பது ஒன்றாகவே நிறைவேறும் கட்டளைகளின் தொகுப்பு): டிரான்சாக்‌ஷன் முடிந்த அடுத்த கணம் இணைப்பு வேறொருவருக்குப் போகும்.

அதற்குக் கொடுக்கும் விலையும் சின்னதல்ல. செஷனைச் சார்ந்த எதையும், அதாவது ஒரே இணைப்பு நீடிக்கும் என்று எண்ணிச் செய்யும் எதையும், நம்ப முடியாது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி ஸ்கீமா (டேபிள்களின் தனித் தொகுப்பு) வைத்து, எந்த ஸ்கீமாவில் தேடுவது என்று சொல்லும் சர்ச்_பாத்தை செட் கட்டளையால் மாற்றும் அப்ளிகேஷன்கள் இங்கே மிகக் கவனமாக இருக்க வேண்டும். ஒருவருக்காகப் போட்ட செட் அப்படியே இணைப்பில் தங்கி, அடுத்து வருபவர் இன்னொருவரின் தரவைப் பார்க்க நேரலாம். டிரான்சாக்‌ஷனுக்குள் அது முடிந்ததும் தானே மறையும் செட் லோக்கல் மட்டுமே பாதுகாப்பு. பெரிய முடிவுகளைத் துண்டு துண்டாக எடுக்கும் ஜாங்கோவின் சர்வர் சைடு கர்சரையும் அணைத்துவிட வேண்டும். அறிவிப்புக்குக் காத்திருக்கும் லிசன் கட்டளை, டேபிள் அமைப்பை மாற்றும் மைக்ரேஷன், பேக்கப் எடுக்கும் பிஜி_டம்ப் எல்லாவற்றையும் நாங்கள் நேராக போஸ்ட்கிரெஸின் 5432 போர்ட்டுக்கே அனுப்புகிறோம். முன்கூட்டியே தயாரித்து வைக்கும் கட்டளைகளான பிரிப்பேர்டு ஸ்டேட்மெண்ட்களின் தொல்லை மட்டும் 2023-இல் பிஜிபவுன்சரின் 1.21 பதிப்பு வந்த பிறகு பெருமளவு தீர்ந்தது.

நாள் முழுக்க நான் பார்ப்பது பிஜிபவுன்சரின் நிலையைக் காட்டும் ஷோ பூல்ஸ் கட்டளை. ஒருமுறை அதில் எஸ்வி_ஆக்டிவ் (பயன்பாட்டில் உள்ள நிஜ இணைப்புகள்) 20-லேயே நின்றது, சிஎல்_வெயிட்டிங் (காத்திருக்கும் கிளையண்ட்கள்) ஏறிக்கொண்டே போனது, மேக்ஸ்வெயிட் (அதிகபட்சக் காத்திருப்பு) வினாடிக் கணக்கில். டேட்டாபேஸ் மெஷினின் சிபியுவோ கிட்டத்தட்ட ஓய்வில். போஸ்ட்கிரெஸில் எந்த இணைப்பு என்ன செய்கிறது என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியைப் பார்த்தால், டிரான்சாக்‌ஷனைத் திறந்துவைத்துச் சும்மா நிற்பதைக் குறிக்கும் நிலை வரிசையாக: 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்'. ஒவ்வொன்றிலும் கடைசியாக ஓடியது ஆர்டர் டேபிளில் ஒரு அப்டேட். அடுத்த வரியில் கோடு, வெளியே உள்ள ஒரு பேமெண்ட் சர்வரின் பதிலுக்குக் காத்திருந்தது. அடாமிக்_ரிக்வெஸ்ட்ஸ் போட்டிருந்ததால் மொத்த ரிக்வெஸ்டும் ஒரே டிரான்சாக்‌ஷன். யாரோ ஒருவருடைய சர்வர் மெதுவானதற்கு எங்கள் இருபது இணைப்புகளும் கட்டுண்டு கிடந்தன. அப்புறம் அந்த அழைப்பை டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே எடுத்தோம், ஐடில்_இன்_டிரான்சாக்‌ஷன்_செஷன்_டைம்அவுட்டும் (அப்படிச் சும்மா நிற்பதற்கு நேர வரம்பு) போட்டோம். பூல் அளவை ஏற்றவே இல்லை. ஏற்றியிருந்தால் இந்தக் கோளாறு இன்னும் சில மாதம் ஒளிந்திருக்கும்.

ஜாங்கோ 5.1-இல் பூலிங் உள்ளேயே வந்துவிட்டதே என்று கேட்கிறார்கள். நல்ல வசதிதான், பைத்தானை போஸ்ட்கிரெஸோடு இணைக்கும் சைகோபிஜி 3 வேண்டும், கான்_மேக்ஸ்_ஏஜ் 0-வாக இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பூல் ஒவ்வொரு பிராசஸுக்கும் தனித்தனி. பத்து பிராசஸ், நான்கு நான்கு இணைப்பு என்றால் மறுபடியும் நாற்பது. பல மெஷின்கள் இருக்கும் இடத்தில் பிஜிபவுன்சரின் வேலையை அது செய்யாது.

ஒரே மெஷின், பத்துப் பதினைந்து திரெட் என்றால் பிஜிபவுன்சரை விட்டுவிடுங்கள். கான்_மேக்ஸ்_ஏஜ் 60, கூடவே, இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும், ஜாங்கோ 4.1-இல் வந்த கான்_ஹெல்த்_செக்ஸ். இரண்டும் தாராளமாகப் போதும். ஹெல்த் செக்கால் ரிக்வெஸ்டுக்கு ஒரு சோதனைதான் கூடுகிறது, அதுவும் அந்த ரிக்வெஸ்ட் டேட்டாபேஸைத் தொட்டால் மட்டும்.