பர்சாத்தியா, பென்ட்ஹவுஸா?

இரண்டுமே மாடிக்கு மேலே இருக்கும் வீடுதான், ஆனால் வந்த வழி வேறு. டெல்லிக்காரர்கள் சொல்லும் பர்சாத்தி, மழையைக் குறிக்கும் இந்திச் சொல் பர்சாத்திலிருந்து வந்தது. வேர் சம்ஸ்கிருத வர்ஷம், நம்ம வருஷமும் அதே வேர்தான். கோடையில் மொட்டைமாடியில் கயிற்றுக்கட்டில் போட்டுத் தூங்குபவர்கள் திடீர் மழைக்கு ஓடி ஒதுங்கவும், கட்டிலை நனையாமல் போட்டு வைக்கவும் கட்டிய சின்ன அறை அது, பின்னாளில் மாணவர்களும் ஓவியர்களும் குறைந்த வாடகைக்குப் பிடித்துக்கொண்டார்கள். இந்தியில் மழைக்கோட்டுக்கும் பர்சாத்தி என்றே பெயர்!

பென்ட்ஹவுஸ் பேரில்தான் பந்தா. பழைய பிரெஞ்சில் அபென்டிஸ், அதாவது சுவரில் சாய்த்து இறக்கிய சார்ப்பு. அது ஆங்கிலத்தில் பென்டிஸ் ஆகி, வீட்டோடு சம்பந்தமே இல்லாத அந்தச் சொல்லின் கடைசிப் பகுதி காதுக்குப் பழகிய 'ஹவுஸ்' ஆக மாறிவிட்டது. உச்சி மாடி சொகுசு வீடு என்ற அர்த்தம் 20ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஒட்டிக்கொண்டதுதான்.

எனக்குப் பர்சாத்திதான் பிடிக்கும், எதற்குக் கட்டினார்கள் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. என்ன, டெல்லியின் மே மாத வெயிலில் உள்ளே உட்கார முடியாது.