என் முதல் கார்டு: இரண்டு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

இணையப் பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் மொழியான சிஎஸ்எஸ் கற்க ஆரம்பித்தபோது நான் உருப்படியாகச் செய்தது, ஒருவரை அறிமுகப்படுத்தும் பெட்டி, அதாவது ஓர் அறிமுகக் கார்டு. மேலே படம், கீழே பெயர், இரண்டு வரி விவரம், ஒரு பட்டன். அகலம் 400 பிக்சல், உயரம் 500 பிக்சல் என்று ஆணியடித்து வைத்திருந்தேன். லேப்டாப்பில் அம்சமாக இருந்தது. இரண்டு வருடமாக அதையே ஒட்டுப்போட்டு ஓட்டுகிறேன்.

போனில் திறந்ததும் முதல் அடி. எழுத்தெல்லாம் எறும்பு சைஸ். திரையின் அகலத்தையே பக்கத்தின் அகலமாக எடுத்துக்கொள் என்று பிரவுசருக்குச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா டேக் போடவில்லை. அது இல்லாவிட்டால் போன் பிரவுசர், பக்கம் ஏறக்குறைய 980 பிக்சல் அகலம் என்று எடுத்துக்கொண்டு மொத்தத்தையும் சுருக்கிவிடும். டேக்கைச் சேர்த்ததும் எழுத்து சரியானது, கார்டு பக்கவாட்டில் நீட்டிக்கொண்டது. அகலத்தை 100 சதவீதம் ஆக்கியும் நீட்டல் நிற்கவில்லை. இரண்டு பக்கப் பேடிங்கும் (உள்ஓர இடைவெளி) சேர்ந்த 40 பிக்சல் அந்த 100 சதவீதத்துக்கு மேல் போய் உட்காருகிறது என்று புரிய ஒரு மாலை முழுக்கப் போனது. பேடிங்கையும் அகலத்துக்குள்ளேயே கணக்கிடும்படி பாக்ஸ்-சைசிங்கை பார்டர்-பாக்ஸ் ஆக்கினேன், அடங்கியது.

அப்புறம் மீடியா கொரி மோகம்; திரை அகலத்துக்கு ஏற்ப வேறு வேறு விதி போடுவது அது. 480, 768, 1024 பிக்சல் என்று மூன்று தொகுதி. எதை எழுதினாலும் நடுவில் ஏதோ ஒரு திரை வந்து மானத்தை வாங்கும். சில மாதம் கழித்து மூன்றையும் அழித்துவிட்டு, கார்டுகளைக் கட்டம் கட்டமாக அடுக்கும் கிரிட்டுக்கு மாறினேன். எத்தனை கொள்ளுமோ அத்தனை பத்தி போட ஆட்டோ-ஃபிட், பத்தியின் அகல வரம்புக்கு மின்மேக்ஸ்: குறைந்தது 280 பிக்சல், மிஞ்சும் இடத்தைச் சமமாகப் பங்கிட 1எஃப்ஆர். ஒரே வரிதான்; இடத்தைப் பார்த்து அதுவே மூன்றாகவும் இரண்டாகவும் ஒன்றாகவும் அடுக்கிக்கொள்கிறது. 320 பிக்சல் திரையில் மட்டும் ஓர இடைவெளி 24, 24 போக 272தான் மிச்சம். 8 பிக்சல் பிதுங்கியது. 280, 100 சதவீதம் இரண்டில் எது சிறியதோ அதை எடுக்கும்படி மின் ஃபங்ஷனில் போட்டதும் சரியானது.

உண்மையான சோதனை, கார்டுக்குள் உண்மையான விவரங்கள் வந்தபோதுதான். நான் போட்டிருந்த மாதிரிப் பெயர் நான்கெழுத்து. வந்த பெயர்களோ முன்னொட்டு, பட்டம் எல்லாம் சேர்ந்து மூன்று வரி. பட்டன் கார்டுக்கு வெளியே தொங்கியது. உயரத்தை எடுத்துவிட்டு, கார்டை நெடுக்குவாட்டு ஃப்ளெக்ஸாக்கி (உள்ளிருப்பவற்றை மேலிருந்து கீழாக அடுக்கும் முறை), மிஞ்சும் இடமெல்லாம் பட்டனுக்கு மேலே போகும்படி அங்கே மார்ஜின் ஆட்டோ கொடுத்தேன். இப்போது பக்கத்துக் கார்டு எவ்வளவு நீண்டாலும் பட்டன்கள் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. நீளமான ஈமெயில் முகவரி ஐகானோடு ஒரே ஃப்ளெக்ஸ் வரிசையில் இருந்ததால், நீண்ட சொல்லை உடைக்கும் ஓவர்ஃப்ளோ-ராப்பில் பிரேக்-வேர்ட் கொடுத்தும் அசையவில்லை. ஃப்ளெக்ஸுக்குள் இருப்பது தன் மிக நீண்ட சொல்லைவிடக் குறுகாதாம், என்ன பிடிவாதமோ! அதையே எனிவேர் என்று மாற்றிய பிறகுதான் உடைந்தது.

கார்டைப் பக்கப்பட்டைக்கு மாற்றியபோது, திரையைப் பார்க்காமல் கார்டு இருக்கும் பெட்டியின் அகலத்தைப் பார்த்து விதி போடும் கன்டெய்னர் கொரி கைகொடுத்தது. 2023 தொடக்கத்திலிருந்தே முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் ஓடுகிறது, தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இன்னும் உறுத்துவது ஒன்று. ஒரே ஒரு கார்டு இருந்தால் ஆட்டோ-ஃபிட் அதை முழு அகலத்துக்கும் இழுத்துவிடுகிறது. காலிப் பத்திகளையும் அப்படியே வைத்திருக்கும் ஆட்டோ-ஃபில் இழுக்காது, ஆனால் வலப்பக்கம் வெறுமையாகக் கிடக்கும். இப்போதைக்கு கார்டுக்கு மேக்ஸ்-விட்த் (அதிகபட்ச அகலம்) கொடுத்து நடுவில் நிறுத்தியிருக்கிறேன். எவ்வளவு என்றால், அதே 400 பிக்சல்.