டபிள்யூஎஸ்-பீபெல் 2.0: நான்கு வருடம் பழகிய பிறகு

ஆர்டர் வந்ததும் கையிருப்பைப் பார்த்து, பணம் பிடித்து, சரக்கை அனுப்பச் சொல்லும் செயல்முறை ஒன்றை டபிள்யூஎஸ்-பீபெல்லில், அதாவது இணையச் சேவைகளைக் கோத்து இயக்கும் எக்ஸ்எம்எல் மொழியில், எழுதி நான்கு வருடம் பராமரித்தேன். ஐபிஎம்மின் டபிள்யூஎஸ்எஃப்எல், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்லாங் என்ற இரு மொழிகளையும் இணைத்து 2002-இல் உருவான பீபெல், 2007-இல் 2.0 பதிப்பாக ஒயாசிஸ் என்ற தர நிர்ணய அமைப்பின் தரமானது.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் ஈடுசெய்யும் வசதி. பணம் பிடித்தாயிற்று, சரக்கு அனுப்பும் சேவை கைவிரித்துவிட்டது என்று வையுங்கள். ஒவ்வொரு ஸ்கோப்பிலும் (செயல்முறையின் ஒரு பகுதி) அதன் வேலையை ரத்துசெய்யும் வழியை எழுதி வைத்திருந்தால், பிழையைப் பிடிக்கும் இடத்தில் ஒரு 'காம்பன்சேட்' போதும். முடிந்த வேலைகளைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டு வரும். இதைக் கையால் எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்! கோரலேஷன் செட்டும் அப்படித்தான்: மூன்று நாள் கழித்து வரும் பதிலை, ஆர்டர் எண்ணை வைத்தே உரிய செயல்முறையிடம் சேர்த்துவிடும்.

அப்புறம், எரிச்சலூட்டுவது அசைன் கட்டளை. ஒரு மதிப்பை நகர்த்த காப்பி, ஃப்ரம், டூ என்று எக்ஸ்எம்எல் நீண்டுகொண்டே போகும். ஒருமுறை எக்ஸ்பாத்தில் (எக்ஸ்எம்எல்லுக்குள் ஒரு இடத்தைச் சுட்டும் முறை) பெயர் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று காட்டும் நேம்ஸ்பேஸ் முன்னொட்டு விட்டுப்போய், 'செலக்‌ஷன் ஃபெயிலியர்' என்ற ஒற்றைப் பிழையோடு ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டினேன்.

மேலாளர் ஒப்புதல் போன்ற மனித வேலைக்கு மொழியில் இடமில்லை, பீபெல்ஃபார்பீப்பிள் என்ற தனி நீட்சி வேண்டும். படக் குறியீடும் கிடையாது. ஒப்புதல்கள் நிறைந்த வேலை என்றால், செயல்முறையைப் படமாக வரையும் குறியீடான பிபிஎம்என் 2.0 எடுங்கள். சேவையோடு சேவை மட்டும் பேசும் நீண்ட பரிவர்த்தனைக்கு நான் இன்றும் பீபெல்லைத்தான் எடுப்பேன்.