குனிந்தால் வலியா, நிமிர்ந்தால் வலியா? கொங்கிலிருந்து அலைச்சறுக்குக்குப் போகும் முதுகுக்கு எது உதவும்

கொங்கு நாட்டு மாவட்டம் எதற்கும் கடற்கரை இல்லை. கோவையோ திருப்பூரோ ஈரோடோ, அலைச்சறுக்கு (சர்ஃபிங்) என்று ஆசைப்பட்டால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வர்க்கலைக்குப் போக வேண்டும். அல்லது சேலம் தாண்டிக் கிழக்குக் கடற்கரையில் கோவளத்துக்கோ மாமல்லபுரத்துக்கோ போக வேண்டும். கோவையிலிருந்து வர்க்கலை சுமார் 350 கி.மீ., மாமல்லபுரம் சுமார் 500 கி.மீ. கடலோரத்துப் பையனின் முதுகு கடலை மட்டும் தாங்கினால் போதும். நம் முதுகு இரவெல்லாம் இருக்கையில் முன்பக்கம் வளைந்து கிடந்துவிட்டு, விடிந்ததும் பலகையில் குப்புறப் படுத்துப் பின்பக்கம் வளைய வேண்டும். இரண்டும் எதிரெதிரான சுமைகள். ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு வினையாகிவிடும்.

முதுகுவலிக்குச் சொல்லப்படும் வழிகளை எல்லாம் இங்கே ஒரே கேள்வியால் அளக்கிறேன்: உங்களுக்கு வலி கூடுவது குனியும்போதா, நிமிர்ந்து பின்னால் சாயும்போதா?

சோதித்துப் பார்ப்பது எளிது. நின்றபடி பத்து முறை மெதுவாகக் குனிந்து எழுங்கள். சற்று ஓய்ந்து, இடுப்பில் கைகளை ஊன்றிப் பத்து முறை பின்னால் சாயுங்கள். எந்தப் பக்கம் வலி கூடுகிறது என்று பாருங்கள். வலி காலுக்கு இறங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அது மேலேறி நடுமுதுகில் ஒடுங்கினால் அந்தத் திசை உங்களுக்கு நல்லது; இன்னும் கீழே இறங்கினால் அந்தத் திசை ஆகாது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வலித்தால் வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போவது மேல்.

அலைச்சறுக்கு என்றவுடன் அலைமேல் நிற்கும் படம்தான் மனதில் வரும். கடலில் கழியும் நேரத்தில் நிற்பது பத்தில் ஒரு பங்குகூட வராது. பாதி நேரம் குப்புறப் படுத்துக் கைகளால் துழாவுவதிலேயே போகிறது. நெஞ்சைத் தூக்கி வைத்தால்தான் துழாவ முடியும். மேல்முதுகு இறுகிக் கிடப்பவருக்கு அந்த வளைவு முழுவதையும் இடுப்பே கொடுக்க வேண்டியிருக்கிறது. பனியன் கம்பெனிக் கணக்கு மேசையிலோ சரவணம்பட்டி மென்பொருள் அலுவலகத்திலோ வாரம் முழுவதும் உட்கார்ந்திருப்பவருக்குத் தொடையின் முன்பக்கத் தசை குறுகி, பிட்டத்துத் தசை வேலை மறந்திருக்கும். அப்போது இடுப்புக்கு உதவிக்கு ஆளே இல்லை.

காரா, ரயிலா

இதில் எனக்குத் தயக்கமே இல்லை, ரயில்தான். நண்பர்கள் நால்வர் சேர்ந்து காரில் போனால் செலவு குறைவு, நினைத்த இடத்தில் டீ குடிக்கலாம், சொந்தப் பலகையைக் கூரைமேல் கட்டிக்கொள்ளலாம். ஆனால் வண்டி ஓட்டுகிறவர் ஆறேழு மணி நேரம் வளைந்த முதுகோடு, ஒரு கால் பெடலில் ஊன்றியபடி உட்கார்ந்திருக்கிறார். நெடுநேரம் வளைந்திருந்தால் முதுகுத் தசைநார்கள் தற்காலிகமாகத் தளர்ந்துவிடும். எழுந்தவுடன் அவை பழைய பிடிப்புக்கு வருவதில்லை. அந்த நிலையில் நேராகப் பலகையைத் தூக்குவது வம்பை விலைக்கு வாங்குவது.

சேரன் எக்ஸ்பிரஸில் இரவு படுத்து விட்டால் விடியற்காலம் சென்னை. வர்க்கலைக்கும் ஊர் வரைக்குமே ரயில் போகிறது. பலகையைக் கடற்கரையில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். படுக்கைக்கும் ஒரு குறை உண்டு. இரவில் படுத்திருக்கும்போது முதுகெலும்புத் தட்டுகள் (டிஸ்க், ஊர்ப் பேச்சில் 'ஜவ்வு') நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கின்றன; எழுந்த முதல் ஓரிரு மணி நேரம் குனிவது அவற்றுக்கு வழக்கத்தைவிட அதிகச் சுமை. காலையில் குனிவதைக் கட்டுப்படுத்தியவர்களுக்கு நாள்பட்ட முதுகுவலி குறைந்ததை 1998-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. குனிந்தால் வலிப்பவர்கள் ரயிலை விட்டு இறங்கியதும் தரையைத் தொட்டு உடம்பை முறிப்பதை விட்டுவிட்டு, அரை மணி நேரம் நடந்துவிட்டுக் கடலில் இறங்கலாம். பஸ்ஸைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. படுக்கை வசதி இருந்தால் ரயிலுக்கு அடுத்தபடி, இல்லாவிட்டால் காரைவிட மோசம்.

பெரிய பலகையா, குட்டைப் பலகையா

மாமல்லபுரத்தில் 2025 ஆகஸ்டில் நடந்த ஆசியப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றதைப் பார்த்தவர்களுக்குக் குட்டைப் பலகைமேல் ஆசை வருவது இயல்புதான். ஆனால் குட்டைப் பலகை நீரில் பாதி அமிழ்ந்து போகும். முகத்தில் அலை அடிக்காமல் இருக்க நெஞ்சை இன்னும் உயர்த்த வேண்டும். இடுப்பு இன்னும் வளையும். எட்டு, ஒன்பது அடி ஃபோம் பலகை நீர்மேல் உயர்ந்து மிதப்பதால் குறைந்த வளைவோடு துழாவலாம். குறைந்த கைவீச்சில் அலையும் கிடைக்கும். நிமிர்ந்தால் வலிப்பவருக்கு இது மாத்திரையைவிட நல்ல மருந்து. பெரிய பலகையை மணலில் சுமந்து போவது மட்டும் இடைஞ்சல். இருவராக ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டால் தீர்ந்தது. மாதம் ஒரு முறை கடலைப் பார்க்கிற நமக்குக் குட்டைப் பலகை வெறும் பெருமைக்குத்தான்.

வராமல் தடுக்க: யோகாசனமா, மூன்று பயிற்சியா, கிணற்று நீச்சலா, ஜிம்மா

ஆளியாறு ஒரு பக்கம், வெள்ளியங்கிரி அடிவாரம் ஒரு பக்கம் என்று கொங்கில் யோகா சொல்லித்தர ஆளுக்குப் பஞ்சமில்லை. முதுகுவலி என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது புஜங்காசனம். அந்த ஆசனத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: குப்புறப் படுத்து, நெஞ்சைத் தூக்கி, இடுப்பைப் பின்னால் வளைப்பது. பலகையில் மணிக்கணக்காகச் செய்வதும் அதையேதான். வாரமெல்லாம் உட்கார்ந்தே இருந்து குனிவு வலி வந்தவருக்குப் புஜங்காசனம் அருமை. கடலிலிருந்து திரும்பிய பிறகு நிமிர்ந்தால் வலிக்கிறது என்பவருக்கு அதையே செய்யச் சொல்வது புண்ணில் உப்பைத் தேய்ப்பது. அவருக்கு மண்டியிட்டு முன்னால் குனிந்து படியும் பாலாசனமும், மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சோடு அணைப்பதும் இதம் தரும். மல்லாந்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கும் சேதுபந்தாசனத்தில் மட்டும் இரு தரப்புக்கும் லாபம் உண்டு, பிட்டத்தை இறுக்கி, இடுப்பை அளவுக்கு மேல் உயர்த்தாமல் செய்தால்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பின் இயக்கத்தை நெடுங்காலம் ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் மூன்றே பயிற்சிகளைப் பரிந்துரைத்தார். ஒன்று, மல்லாந்து ஒரு முழங்காலை மடக்கி, உள்ளங்கைகளை இடுப்புக்கு அடியில் கொடுத்து, தலையையும் தோளையும் மட்டும் லேசாகத் தூக்குவது. இரண்டு, பக்கவாட்டில் முழங்கை ஊன்றி உடலைக் கட்டை போல் நிறுத்துவது. மூன்று, நான்கு காலில் நின்று ஒரு கையையும் எதிர்க் காலையும் நீட்டுவது. ஒவ்வொன்றையும் பத்து வினாடிக்கு மேல் நிறுத்த வேண்டியதில்லை. களைப்பதற்கு முன் விட்டுவிட்டு மறுபடி செய்ய வேண்டும். இவை முதுகை எந்தப் பக்கமும் வளைக்காமல் பலப்படுத்துவதால் குனிவு வலிக்காரருக்கும் நிமிர்வு வலிக்காரருக்கும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. பார்க்கச் சுவாரசியமே இல்லாத பயிற்சி. அதனாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் இது மேல்முதுகின் இறுக்கத்தைத் தளர்த்தாது. அதற்குக் கடையில் விற்கும் ஃபோம் உருளை தேவையில்லை. பவானி ஜமக்காளம் ஒன்றை இறுகச் சுருட்டிக் கயிற்றால் கட்டி, தோள்பட்டை எலும்புக்குக் கீழே குறுக்காக வைத்து மல்லாந்து படுத்து, கைகளைத் தலைக்கு மேல் நீட்டி மூச்சை விடுங்கள். உருளையை இடுப்புக்கு இறக்கிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். மேல்முதுகு எவ்வளவு வளைந்து கொடுக்கிறதோ அவ்வளவு பாரம் கடலில் இடுப்புக்குக் குறையும்.

கிணற்று நீச்சல் நம் சீதனம். சுரைப்புருடையைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக் கிணற்றில் கற்றுக்கொண்டவருக்குக் கையில் பலம் இருக்கும், தண்ணீரில் பயம் இருக்காது. அலைச்சறுக்கு பழக வருகிறவர்களில் பாதிப் பேர் தடுமாறுவது இந்த இரண்டிலும்தான். ஆனால் கிணற்றில் பழகியவர்கள் தலையைத் தண்ணீருக்கு மேல் தூக்கியபடியே நீந்துகிறார்கள். அது பலகையில் துழாவும் கோலமேதான்: கைகளுக்கு நேரடிப் பயிற்சி, நிமிர்வு வலிக்கு நேரடித் தீனி. முதுகு நன்றாக இருக்கும்போது கிணறு. நிமிர்ந்தால் வலிக்கும் நாள்களில் முகத்தைத் தண்ணீரில் அமிழ்த்தி நீந்தும் ஃப்ரீஸ்டைல், அல்லது மல்லாந்த நீச்சல்.

ஜிம்மில் எடை தூக்குவது பிட்டத்துக்கும் தொடைக்கும் நல்லது. சரியாகச் சொல்லித்தர ஆள் இருந்தால் செய்யலாம். வெள்ளிக்கிழமை மாலை எடை தூக்கிவிட்டு அன்றிரவே கடலுக்குக் கிளம்புவதை மட்டும் தவிர்க்க வேண்டும்.

வந்த பிறகு: படுக்கையா, நடமாட்டமா

"அசையாமல் படு" என்பது பெரியவர்கள் சொல்லும் முதல் வார்த்தை. 1986-இல் அமெரிக்காவில் முதுகுவலிக்காரர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு 2 நாள் படுக்கையும் மற்றவர்களுக்கு 7 நாள் படுக்கையும் சொல்லிப் பார்த்தார்கள். குணமானதில் வேறுபாடு இல்லை; 2 நாள்காரர்கள் வேலைக்குப் போகாத நாள்கள்தான் குறைந்தன. அதன் பிறகு வந்த வழிகாட்டுதல்கள் இன்னும் ஒரு படி மேலே போய், முடிந்தவரை நடமாடச் சொல்கின்றன. வலி கடுமையான முதல் நாள் படுத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. மறுநாள் காலை வீட்டைச் சுற்றியாவது நடங்கள்.

மாத்திரை விஷயத்தில் 2014-இல் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு பலருக்கு ஏமாற்றம். புதிதாக வந்த முதுகுவலிக்குப் பாராசிட்டமால் எடுத்தவர்கள் குணமாக ஏறக்குறைய 17 நாள் ஆனது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 16. ஒத்தடத்துக்கு இதைவிட ஆதரவு உண்டு: அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் புதிய வலிக்கு வெப்பம் முதல் வரிசையில் இருக்கிறது. கல் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்த அம்மிச்சிகளுக்கு இது செய்தியே அல்ல.

சுளுக்கு எடுப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கால் வழியாகப் பிறந்தவரைத் தேடிப்பிடித்து, "ஒரு மிதி போதும் கண்ணு" என்று முதுகில் மிதிக்க வைப்பது இன்றும் ஊர்ப்புறத்தில் உண்டு. எண்ணெய் போட்டு நீவிவிடுவதோடு நின்றால் அதில் சுகம் உண்டு, கெடுதல் இல்லை. மிதி வேண்டாம். குப்புறப் படுத்தவரின் இடுப்பை மேலிருந்து அழுத்தினால் அது பின்பக்கம்தான் வளையும். நிமிர்வு வலிக்காரருக்கு அதைவிடக் கேடு இல்லை. ஆயுர்வேதத்தின் கடிவஸ்தி, இடுப்பில் உளுந்து மாவால் வரம்பு கட்டி வெதுவெதுப்பான எண்ணெயை நிறுத்துவது, நல்ல வெப்பம், நல்ல ஓய்வு. அதற்கு மேல் எதிர்பார்த்துப் பணம் கட்ட வேண்டாம் என்பது என் கணிப்பு.

பிசியோதெரபி என்று போனால் "கரண்ட் வைப்பது" ஒரு வகை, பயிற்சி சொல்லித்தருவது இன்னொரு வகை. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட முதுகுவலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில் பெல்ட், இழுவைச் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட், தோல்மேல் மின்தூண்டல் ஆகியவை பரிந்துரைக்கப்படவில்லை, பயிற்சி பரிந்துரைக்கப்படுகிறது. ஆகவே படுக்கவைத்து மின்வயரை ஒட்டிவிட்டுப் போகிற இடத்தைவிட, உங்களைக் குனியவும் நிமிரவும் வைத்துப் பார்க்கிற இடமே மேல். திசை பார்த்துப் பயிற்சி தரும் இந்த வழிக்கு வேர் 1956-இல் நியூசிலாந்தில் இருக்கிறது. தலைமாடு உயர்த்தியிருந்த மேசையில் தற்செயலாகக் குப்புறப் படுத்த ஒரு நோயாளிக்குக் கால்வலி மறைந்ததைக் கவனித்தார் பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கென்சி. பின்னால் வளைக்கும் பயிற்சி அவர் பெயராலேயே பரவிவிட்டது. ஆனால் அவர் முறையில் முதலில் திசையைச் சோதிக்க வேண்டும். சோதிக்காமல் எல்லோருக்கும் குப்புற வளையச் சொல்வது பாதி வைத்தியம்.

ஸ்கேன்? கோவையில் எடுப்பது எளிது, படித்துப் பயப்படுவது அதைவிட எளிது. வலியே இல்லாதவர்களை எடுத்துப் பார்த்ததில் 20 வயதில் 37 சதவீதத்தினருக்கும் 80 வயதில் 96 சதவீதத்தினருக்கும் தட்டுத் தேய்மானம் இருந்ததாக 2015-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. "ஜவ்வு தேய்ந்திருக்கிறது" என்ற அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு கடலை விட்டுவிட வேண்டியதில்லை. காலில் பலம் குறைவது, காய்ச்சலோடு வலி, ஆழமில்லாத இடத்தில் விழுந்து அடிபட்டது என்றால் கதை வேறு. தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

எந்த ஒப்பீடும் செல்லாத ஒரு வலி

முதல்முறை பலகை ஏறுகிறவர்களுக்குக் குறிப்பாக. 2004-இல் ஹவாய் மருத்துவர்கள் ஒன்பது பேரைப் பற்றி எழுதினார்கள். அனைவரும் அலைச்சறுக்குக்குப் புதியவர்கள். அடிபடவில்லை, விழவில்லை. நெடுநேரம் முதுகைப் பின்னால் வளைத்துப் படுத்திருந்ததில் தண்டுவடத்துக்கு ரத்த ஓட்டம் தடைபட்டிருக்கக்கூடும் என்று கருதப்படுகிறது. திடீர் முதுகுவலி, சிறிது நேரத்தில் கால் மரத்துப்போதல், நிற்க முடியாமை, சிறுநீர் பிரியாமை. அரிதுதான், ஆனால் சிலருக்குக் கால்கள் திரும்பவே இல்லை. முதல் நாளில் அவ்வப்போது பலகைமேல் எழுந்து உட்கார்ந்துகொள்ளுங்கள். முதுகில் புது வலி வந்தால் உடனே கரையேறுங்கள். "இன்னும் ஓர் அலை" வேண்டாம். கால் மரத்தால் ஒத்தடம், எண்ணெய், பெல்ட் எதையும் நினைக்காதீர்கள். நம் ஊர் டாக்டரிடம் காட்டிக்கொள்ளலாம் என்று காரைக் கோவைக்குத் திருப்பவும் வேண்டாம்: மாமல்லபுரத்தில் என்றால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, வர்க்கலையில் என்றால் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.